மீட்பு நாயைத் தத்தெடுத்தல்: முடிவெடுக்கும் நாள் முதல் மூன்று மாதம் வரை

காப்பகத்திலிருந்து நாயைக் கூட்டிவரப் போகிறவர்கள் மனதில் ஒரு காட்சி ஓடிக்கொண்டிருக்கும். கதவைத் திறந்ததும் அது வாலை ஆட்டிக்கொண்டு உள்ளே ஓடிவரும், எல்லோர் காலடியிலும் புரளும், ராத்திரி மடியில் தலை வைத்துத் தூங்கும். நாய் என்றாலே நன்றி என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்துவிட்டோம். அதனால் காப்பாற்றியவர்களிடம் அது உடனே ஒட்டிக்கொள்ளும் என்று எதிர்பார்ப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் தன்னை யாரோ காப்பாற்றியிருக்கிறார்கள் என்பது நாய்க்குத் தெரியாது. பழகிய வாசனை, பழகிய சத்தம், பழகிய ஆட்கள் எல்லாம் ஒரே நாளில் காணாமல் போய், முன்பின் தெரியாதவர்களின் வண்டியில் ஏற்றப்பட்டோம் என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். கீழே சொல்லப்போகும் ஏற்பாடுகள் பெரும்பாலும் இதை மனதில் வைத்துத்தான். முதல் சில வாரங்களுக்கு அந்த நாய்க்குக் கொஞ்சலைவிட நிம்மதிதான் அதிகம் தேவை.

1. நாயைத் தேடும் முன் வீட்டில் பேசுங்கள்

வீட்டில் ஒருவருக்கு மட்டும் ஆசை, மற்றவர்களுக்கு அரைச் சம்மதம் என்றால் இப்போதைக்கு வேண்டாம். நாய் வந்த பிறகு அந்த அரைச் சம்மதம் முழு எரிச்சலாகிவிடும். நாய்கள் பொதுவாக 10 முதல் 15 ஆண்டுகள் வாழும், சிறிய உருவம் உள்ளவை இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே. அத்தனை வருடத்தில் வேலை மாறும், வீடு மாறும், பிள்ளைகள் படிக்கப் போவார்கள். அப்போதும் காலையில் ஒருவர் எழுந்து அதை வெளியே கூட்டிப்போக வேண்டும்.

பேச வேண்டியவை எல்லாம் சாதாரண விஷயங்கள்தான். காலையில் யார் நடக்கக் கூட்டிப்போவது, சாயங்காலம் யார், நடு இரவில் வாந்தி எடுத்தால் யார் துடைப்பது, எல்லோரும் ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வது, மருத்துவச் செலவு யாருடையது. வாடகை வீடென்றால் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். யாருக்காவது ஒவ்வாமை இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால், நாய் உள்ள ஒரு வீட்டில் சில மணி நேரம் இருந்து பார்த்துவிட்டு வருவது நல்லது.

ஒரு சோதனை சொல்கிறேன். நாயே இல்லாமல், ஒரு வாரம் காலையும் மாலையும் அரை மணி நேரம் நடந்து பாருங்கள், மழை பெய்தாலும் சரி. அதுவே அலுத்துப்போகிறதென்றால் யோசியுங்கள். பல காப்பகங்கள் நாயைச் சில வாரம் தற்காலிகமாக வளர்த்துப் பார்க்கவும் தருவதுண்டு. முதல் தடவை வளர்ப்பவர்களுக்கு இது நல்ல வழி. ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்: யாருக்கும் சொல்லாமல் நாயைப் பரிசாகக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள்.

2. எந்த நாய்?

பெரும்பாலானோர் முதலில் கேட்பது இனம். ஆனால் நாயின் குணத்தைப் பற்றி இனம் சொல்வது நாம் நினைப்பதைவிடக் குறைவு. 2022-இல் சயின்ஸ் இதழில் வெளியான ஓர் ஆய்வு 18,000-க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி அவற்றின் சொந்தக்காரர்களிடம் கேட்டும், இரண்டாயிரத்துச் சொச்சம் நாய்களின் மரபணுவைப் படித்தும் பார்த்தது. தனித்தனி நாய்களின் நடத்தையில் காணும் வேறுபாட்டில் சுமார் 9 சதவீதத்தைத்தான் இனத்தைக் கொண்டு விளக்க முடிந்தது. காப்பகத்தில் பெரும்பாலும் கலப்பு நாய்கள்தான் இருக்கும். அட்டையில் எழுதியிருக்கும் இனப்பெயர் பல நேரங்களில் உருவத்தைப் பார்த்துச் சொன்ன ஊகம். அதனால் அட்டையை விட்டுவிட்டு எதிரில் இருக்கும் நாயைப் பாருங்கள்.

வயது அப்படியல்ல, அது முக்கியம். குட்டி அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அது என்ன குணத்தோடு வளரும் என்று யாராலும் சொல்ல முடியாது. இரவில் எழுந்திருக்க வேண்டும், செருப்பு போகும், மேசைக் கால் போகும். ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளைக் கவனித்து, பிறந்த மூன்றாம் வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டாம் வாரம் வரையிலான காலம்தான் குட்டி உலகத்தோடு பழகிக்கொள்ளும் முக்கியமான காலம் என்று காட்டினார்கள். அந்த வாரங்களில் மனிதர்களையே பார்க்காமல் வளர்ந்த நாய்க்குப் பிற்பாடு மனிதர்கள்மேல் நம்பிக்கை வருவது கஷ்டம். வராது என்றில்லை, நாளாகும்.

முதல்முறை வளர்ப்பவர்களுக்கு என் சிபாரிசு, இரண்டு மூன்று வயதைத் தாண்டிய நாய். அதன் உருவம் முடிவாகியிருக்கும், குணமும் ஓரளவு தெரிந்திருக்கும். ஏழெட்டு வயதான நாய்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அமைதியான வீட்டுக்கு அவைதான் கச்சிதம். இன்னொன்று, ஒரே ஈற்றுக் குட்டிகள் இரண்டைச் சேர்த்துக் கொண்டுவரும் ஆசை பலருக்கு வரும். அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உங்களைக் கண்டுகொள்ளாமல் போகலாம், வேலையும் இரண்டு மடங்குக்கு மேல். ஒன்றைக் கொண்டுவந்து நிலைப்படுத்தியபின் அடுத்ததைப் பற்றி யோசிக்கலாம்.

காப்பகத்துக்கு ஒரு தடவை போய் முடிவெடுக்காதீர்கள். கூண்டுக்குள் குரைத்துக் குதிக்கும் நாய் வெளியே வந்து பத்து நிமிடம் நடந்ததும் சாதுவாகிவிடலாம். கூண்டின் மூலையில் சுருண்டு கிடப்பதை ‘ரொம்ப அமைதி’ என்று நினைத்துக் கூட்டிவந்தால், அது பயத்தில் உறைந்துபோயிருந்தது என்று பிறகுதான் தெரியும். காப்பகச் சூழலே நாய்க்குப் பெரிய அழுத்தம். கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் அங்கே வந்த முதல் நாட்களில் வீட்டு நாய்களுக்கு இருப்பதைவிட அதிகமாக இருப்பதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். எனவே முடிந்தால் வெவ்வேறு நேரத்தில் போங்கள். நாயை வெளியே கூட்டிவரச் சொல்லி, நேருக்கு நேர் நிற்காமல் பக்கவாட்டில் உட்கார்ந்து, அது தானாக வந்து முகர்கிறதா என்று பாருங்கள். நீங்கள் எழுந்தால் பின்வாங்குகிறதா, கையில் ஏதாவது விழுந்து சத்தம் வந்தால் எவ்வளவு நேரத்தில் தெளிகிறது, இதெல்லாம் கவனிக்க வேண்டியவை. பயப்படுவது பெரிய விஷயமில்லை. பயந்தபின் எத்தனை சீக்கிரம் மீள்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அங்கே வேலை செய்கிறவர்களிடம் நேராகக் கேளுங்கள்: எங்கிருந்து வந்தது? இதற்கு முன் யாராவது தத்தெடுத்துத் திருப்பிவிட்டார்களா, ஏன்? குழந்தைகளோடு, பூனைகளோடு, மற்ற நாய்களோடு இருந்திருக்கிறதா? யாரையாவது கடித்திருக்கிறதா? சாப்பிடும்போது கிட்டே போனால் என்ன செய்யும்? எதைக் கண்டால் பயம்? ‘தெரியாது’ என்ற பதிலும் நேர்மையான பதில்தான். எல்லாவற்றுக்கும் ‘தங்கமான நாய்’ என்றே பதில் வந்தால் கொஞ்சம் உஷாராக இருங்கள்.

3. உடல்நிலையும் காகிதங்களும்

கூட்டிவருவதற்கு முன்பே ஒரு கால்நடை மருத்துவரைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நாய் வந்த சில நாட்களுக்குள் ஒருமுறை அவரிடம் காட்டிவிட வேண்டும். காப்பகத்தில் தரும் காகிதங்களில் தடுப்பூசி, குடற்புழு மருந்து, கருத்தடை ஆகிய மூன்றும் தேதியோடு இருக்கிறதா என்று பாருங்கள். ரேபிஸ் தடுப்பூசி போட்டதற்குச் சான்று இல்லையென்றால், போடவில்லை என்றே வைத்துக்கொண்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். டிஸ்டெம்பர், பார்வோ என்ற வைரஸ் நோய்கள், கல்லீரல் அழற்சி ஆகியவற்றுக்குச் சேர்த்துப் போடும் ஊசியும் முக்கியம். குட்டிகளுக்கு அது ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, சில வார இடைவெளியில் 16 வார வயது வரை தொடரும். ஒரு ஊசியோடு முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது.

வெளியில் திரிந்த நாய்களுக்கென்றே சில விஷயங்கள் உண்டு. உண்ணிகள் மூலம் வரும் எர்லிக்கியா, பபீசியா போன்ற நோய்கள் வெளியே தெரியாமல் ரத்தத்தில் இருக்கலாம். சோர்வு, விட்டுவிட்டு வரும் காய்ச்சல், வெளிறிய ஈறு என்றெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தலைகாட்டும். ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. கொசுவால் பரவும் இதயப்புழு உள்ள பகுதியென்றால் அதற்கும் பரிசோதனை வேண்டும். தொற்று ஏற்பட்டுப் புழு வளர்ந்து பரிசோதனையில் தெரியவே ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். அதனால் இன்று ‘இல்லை’ என்று வந்தாலும் ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்வார்கள். பிறப்புறுப்பில் ரத்தக் கசிவோ கட்டியோ இருந்தால் அது இனச்சேர்க்கை மூலம் நாய்க்கு நாய் பரவும் ஒருவகைப் புற்றுக்கட்டியாக இருக்கலாம். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், மருந்துக்கு நன்றாகவே கட்டுப்படும்.

கருத்தடை செய்யாத பெண் நாய் என்றால் சினையாக இருக்கிறதா என்று கேளுங்கள். நாய்க்குச் சினைக்காலம் சுமார் 63 நாள். முதல் மாதத்தில் வெளியே எதுவும் தெரியாது. ஒரு நாயைத் தத்தெடுக்கப் போய் ஆறேழு நாய்களுக்குச் சொந்தக்காரர் ஆகிவிடக் கூடாது அல்லவா.

பார்வோ வைரஸ் தொற்றினால் அறிகுறி தெரிய 3 முதல் 14 நாள் வரை ஆகலாம். அதனால் உங்கள் வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால் அதற்குத் தடுப்பூசிகள் முழுமையாக இருக்க வேண்டும். புதிய நாயை முதல் இரண்டு வாரம் தனியே வைத்திருப்பதும், பாத்திரங்களைப் பகிராமல் இருப்பதும் பாதுகாப்பு. ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு, தொடர் வாந்தி, தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடப்பது, இதில் எது வந்தாலும் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள்.

எலும்பும் தோலுமாக வரும் நாய்க்கு ஆசைதீரப் போடுவது ஆபத்து. நெடுநாள் பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று நிறைய உணவு போனால் ரத்தத்தில் பாஸ்பேட் போன்ற உப்புகள் குலைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எவ்வளவு, எத்தனை வேளை என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

4. வீட்டைத் தயார் செய்வது

வீடு முழுவதையும் முதல் நாளே திறந்துவிடத் தேவையில்லை. ஆள் நடமாட்டம் அதிகம் இல்லாத, ஆனால் வீட்டுச் சத்தம் கேட்கும் ஒரு மூலையைப் பாருங்கள். அங்கே ஒரு படுக்கை, தண்ணீர்க் கிண்ணம், மென்று கொண்டிருக்க ஏதாவது ஒன்று போதும். பழக்கப்படுத்தினால் கூண்டும் உதவும், கதவு திறந்தே இருக்கட்டும். அந்த மூலைக்கு ஒரே சட்டம்தான்: நாய் அங்கே இருக்கும்போது யாரும் அதைத் தொடக் கூடாது, இழுக்கக் கூடாது, குனிந்து எட்டிப் பார்க்கக் கூடாது.

நாய் வாய்க்கு எட்டக் கூடாதவை சில உண்டு. சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு, மது, சர்க்கரையில்லா சூயிங்கம்மிலும் சில தின்பண்டங்களிலும் சேர்க்கப்படும் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி. சைலிட்டால் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே ரத்தச் சர்க்கரையைச் சரித்துவிடும். திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சமைத்த எலும்பு உடைந்து குடலைக் கிழிக்கும். நம் வீட்டு மாத்திரை டப்பாவும் இந்தப் பட்டியலில் சேரும். பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் இரண்டுமே நாய்க்கு விஷம். ‘காய்ச்சல்தானே, பாதி மாத்திரை கொடுப்போம்’ என்று கொடுத்துவிடாதீர்கள். எலி மருந்து, பூச்சி மருந்து, குப்பைத்தொட்டி, தொங்கும் மின்கம்பி, மாடிச் சுவரின் இடைவெளி எல்லாவற்றையும் நாயின் உயரத்துக்குக் குனிந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

5. கூட்டிவரும் நாள்

இந்த ஒரு நாளைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மீட்பு நாய்கள் தொலைந்துபோவது இந்த நாளிலும் இதை ஒட்டிய நாட்களிலும்தான் அதிகம் நடக்கும். பயந்த நாய் பின்னோக்கி இழுத்தால் சாதாரணக் கழுத்துப்பட்டை காதுவழியே கழன்று வந்துவிடும். உங்களோடு இன்னும் பழகவில்லை, பெயர் தெரியாது, வீடு எங்கே என்றும் தெரியாது. ஓட ஆரம்பித்தால் கூப்பிட்டு நிறுத்த முடியாது.

அதனால் கழுத்துப்பட்டை, மார்புப்பட்டை இரண்டையும் போட்டு, இரண்டிலும் தனித்தனிக் கயிறு மாட்டுங்கள். மார்புப்பட்டை வயிற்றுப் பக்கமும் ஒரு பட்டி உள்ளதாக இருந்தால் இன்னும் நல்லது, பின்னால் நழுவ முடியாது. இழுத்தால் நீளும் சுருள் கயிறு இப்போதைக்கு வேண்டாம். கையிலிருந்து நழுவினால் அந்தப் பிளாஸ்டிக் பிடி தரையில் தடதடவென்று உருண்டு துரத்தும், நாய் இன்னும் வேகமாக ஓடும். வண்டியின் கதவைத் திறப்பதற்கு முன் கயிறு கையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு தடவையும் பாருங்கள். வீட்டுக் கதவுக்கும் இதேதான், மணி அடித்தால் முதலில் நாய் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறப்பது என்று எல்லோரும் பழகிக்கொள்ள வேண்டும்.

அன்றே கழுத்துப்பட்டையில் உங்கள் தொலைபேசி எண் தொங்கட்டும். தோலுக்கடியில் பொருத்தும் மைக்ரோசிப், அரிசி அளவு சின்னப் பொருள். 15 இலக்க எண் ஒன்று அதில் இருக்கும், அவ்வளவுதான். அது இருக்குமிடத்தைக் காட்டும் கருவி இல்லை. அந்த எண்ணுக்கு எதிரே பதிவேட்டில் யாருடைய பெயரும் தொலைபேசியும் இருக்கிறதோ அவரைத்தான் கூப்பிடுவார்கள். சிப் இருந்தும் பழைய சொந்தக்காரரின் எண்ணையோ காப்பகத்தின் எண்ணையோ மாற்றாமல் விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். காகிதத்தில் கையெழுத்துப் போட்ட அன்றே மாற்றிவிடுங்கள்.

ஒருவேளை ஓடிவிட்டால் பின்னால் துரத்தாதீர்கள், கும்பலாகக் கத்திக் கூப்பிடாதீர்கள். பயந்த நாய் சொந்தக்காரரையே கண்டு ஓடும். உட்கார்ந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, வாசனையுள்ள உணவைத் தரையில் போட்டுக் காத்திருப்பது துரத்துவதைவிடப் பலன் தரும். காப்பகத்துக்கும் உடனே சொல்லுங்கள், அவர்களில் யாரையாவது அதற்கு அடையாளம் தெரியும்.

வரும் வழியில் கடைக்குப் போவது, உறவினர் வீட்டில் காட்டிவிட்டுப் போவது எல்லாம் வேண்டாம். நேராக வீடு. உள்ளே போகும் முன் அது இனிமேல் வெளிக்கு இருக்கப்போகும் இடத்தில் கொஞ்ச நேரம் முகர விடுங்கள். அங்கேயே சிறுநீர் கழித்துவிட்டால் நல்ல ஆரம்பம். அப்புறம் கயிற்றோடே உள்ளே கூட்டிப்போய் அந்த மூலையைக் காட்டி, விட்டுவிடுங்கள். குளிப்பாட்டுவது அன்றைக்கு வேண்டவே வேண்டாம், நாற்றம் அடித்தாலும்.

6. முதல் சில நாட்கள்: சும்மா இருப்பது

மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று காப்பகக்காரர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். முதல் மூன்று நாளில் திகைப்பு அடங்கும், மூன்று வாரத்தில் வீட்டு வழக்கம் பிடிபடும், மூன்று மாதத்தில் இது தன் வீடு என்று தோன்றும் என்பார்கள். இதற்குப் பின்னால் பெரிய விஞ்ஞானம் ஒன்றுமில்லை. அனுபவத்தில் கண்ட தோராயம்தான். சில நாய்கள் ஒரே வாரத்தில் சோபாவில் மல்லாந்து படுத்துவிடும், சில ஒரு வருடம் எடுக்கும். பொறுமைக்கு ஓர் அளவுகோல் என்ற வகையில் எனக்கு அந்தக் கணக்கு பிடிக்கும்.

முதல் நாட்களில் சாப்பிடாமல் இருக்கலாம். நாள் முழுக்கத் தூங்கலாம் (வளர்ந்த நாயே சாதாரணமாக ஒரு நாளில் பாதியைத் தூங்கித்தான் கழிக்கும்). ராத்திரி முனகலாம். கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டால் இழுத்து வெளியே எடுக்காதீர்கள். நீங்கள் செய்ய வேண்டியது ரொம்பக் குறைவு: வேளைக்கு உணவு, எட்டும் தூரத்தில் தண்ணீர், தினமும் அதே நேரத்தில் வெளியே கூட்டிப்போவது. மற்ற நேரம் அதே அறையில் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள். போகிற போக்கில் அது விரும்பும் தின்பண்டம் ஒன்றை அதன் பக்கம் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போங்கள். வீட்டுக்கு ஆள் அழைப்பதை மூன்று வாரத்துக்காவது தள்ளிப்போடுங்கள். ‘புது நாயைப் பார்க்க வருகிறோம்’ என்று கிளம்பி வருகிறவர்களைத் தடுப்பதுதான் இதில் சிரமமான வேலை.

தொடுவதற்கு ஓர் எளிய முறை உண்டு. அது கிட்டே வந்தால் மார்புப் பக்கமோ தாடைக்குக் கீழோ மெல்லத் தடவிவிட்டு, மூன்று எண்ணும் நேரத்தில் கையை எடுத்துவிடுங்கள். இன்னும் வேண்டுமென்றால் நெருங்கி வரும். போதுமென்றால் விலகும். தலைக்கு மேலே கையை நீட்டுவதும், கட்டிப்பிடிப்பதும் நமக்கு அன்பு, பழகாத நாய்க்கு மிரட்டல்.

7. அது சொல்வதைக் கேட்பது

வாலை ஆட்டினால் சந்தோஷம் என்று நினைப்பது பாதிதான் சரி. உடம்பு முழுக்கக் குழைந்து ஆடும் வால் வேறு. உடம்பு விறைத்து, வால் மட்டும் மேலே நின்று விறுவிறுவென்று அசைவது வேறு, அங்கே பதற்றம் இருக்கிறது. தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி, சாப்பாடே இல்லாமல் உதட்டை நக்குவது, முகத்தை அப்பால் திருப்புவது, கண்ணின் வெள்ளை ஓரத்தில் தெரிய ஓரப்பார்வை பார்ப்பது, ஒரு முன்காலைத் தூக்கி நிற்பது, இவையெல்லாம் ‘எனக்குச் சங்கடமாக இருக்கிறது’ என்பதற்கான அடையாளங்கள். அப்போதே ஓரடி பின்வாங்கினால் விஷயம் அங்கேயே முடிந்துவிடும்.

உறுமினால் அடிக்காதீர்கள், அதட்டவும் வேண்டாம். உறுமல் ஓர் எச்சரிக்கை, அது இருப்பது உங்களுக்கு நல்லது. உறுமியதற்கெல்லாம் அடி வாங்கிய நாய் உறுமுவதை நிறுத்திவிட்டு நேராகக் கடிக்கக் கற்றுக்கொள்ளும். யாரையாவது கடித்துத் தோல் கீறினால், சிறிய கீறலானாலும் சரி, சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள். நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதே என்று நீங்களே முடிவெடுத்துவிட வேண்டாம்.

8. வழக்கம், கழிப்பிடம், தனிமை

வளர்ந்த நாய்க்கும் புது வீட்டில் கழிப்பிடப் பழக்கம் மறந்துபோகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும், தூங்கப்போகும் முன்பும் ஒரே இடத்துக்குக் கூட்டிப்போங்கள். வெளிக்கு இருந்து முடித்த அந்தக் கணமே ஒரு பாராட்டும் ஒரு தின்பண்டமும் கொடுங்கள். வீட்டுக்குள் நடந்துவிட்டால் சத்தமில்லாமல் துடையுங்கள். நொதி கலந்த துப்புரவு திரவம் வாசனையை முழுதாக எடுக்கும், அம்மோனியா கலந்தது அதே இடத்துக்கு மறுபடி அழைக்கும். மூக்கைப் பிடித்து அதில் தேய்ப்பதெல்லாம் பழைய காலத்துக் கொடுமை. அதில் நாய் கற்றுக்கொள்வது, உங்கள் கண்ணில் படாமல் போக வேண்டும் என்பதைத்தான்.

உணவை மாற்றுவதாக இருந்தால் காப்பகத்தில் கொடுத்ததையே முதலில் தொடர்ந்து, ஒரு வாரம் பத்து நாளில் சிறிது சிறிதாகப் புதியதைக் கலந்து மாற்றுங்கள். திடீரென்று மாற்றினால் வயிறு கலங்கும்.

தனியே இருக்கப் பழக்குவதை இரண்டாவது வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள். தத்தெடுத்ததற்காக நீண்ட விடுப்பு எடுத்து முழுநேரமும் கூடவே இருந்துவிட்டு, திடீரென்று ஒருநாள் எட்டு மணி நேரம் விட்டுப்போனால் நாய் என்ன செய்யும்? முதலில் கதவுக்கு வெளியே போய் அரை நிமிடத்தில் திரும்பி வாருங்கள். அப்புறம் இரண்டு நிமிடம், ஐந்து, பதினைந்து. போகும்போதும் வரும்போதும் நாடகம் வேண்டாம். நீங்கள் போனதும் கதவைப் பிறாண்டுவது, எச்சில் ஒழுகுவது, நிறுத்தாமல் ஊளையிடுவது என்றால் அதைக் குறும்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, பீதி அது. நேரத்தைக் குறைத்து மறுபடி தொடங்குங்கள். தீரவில்லையென்றால் மருத்துவரைப் பாருங்கள், அதற்கு மருந்தும் பயிற்சியும் சேர்ந்த சிகிச்சை உண்டு.

9. குழந்தைகள், வீட்டிலுள்ள நாய், பூனை

சின்னக் குழந்தையையும் நாயையும் தனியே விடாதீர்கள், எவ்வளவு சாதுவான நாயானாலும். குழந்தைகளைக் கடிப்பது தெருவில் போகும் ஏதோ நாய் மட்டுமல்ல, தெரிந்த நாயும்தான். ‘சாப்பிடும்போதும் தூங்கும்போதும் தொடக் கூடாது. கட்டிப்பிடிக்கக் கூடாது. அது கிட்டே வந்தால் தடவலாம், நீ துரத்திப் போகாதே’ என்று நாய் வருவதற்கு முன்பே சொல்லிப் பழக்குங்கள். குழந்தைக்கு ஒரு வேலை கொடுத்தால் நல்லது, தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்புவது மாதிரி.

இரண்டு நாய்களை அறிமுகம் செய்ய வீடு ஏற்ற இடமல்ல. வெளியே, இரண்டுக்கும் பழக்கமில்லாத பொது இடத்தில், ஆளுக்கொரு நாயோடு இடைவெளி விட்டு ஒரே திசையில் நடங்கள். கயிறு தளர்வாக இருக்கட்டும். இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கடைசியில் சில நொடிகள் முகர்ந்துகொள்ள விட்டு, மறுபடி நடையைத் தொடருங்கள். வீட்டுக்குள் சாப்பாட்டுக் கிண்ணங்களும் பொம்மைகளும் முதல் சில வாரம் தனித்தனி இடத்தில். பழைய நாய் உறுமி ஒதுக்கினால் அதன் பக்கம் நில்லுங்கள், வீடு அதற்கு முதலில் சொந்தம்.

பூனையென்றால் நாட்கணக்கில் அல்ல, வாரக்கணக்கில் யோசியுங்கள். கதவின் இரண்டு பக்கமும் இருந்து ஒன்றின் வாசனை மற்றதற்குப் பழகட்டும். பிறகு தடுப்பின் வழியே பார்க்கட்டும், நாய் கயிற்றில் இருக்கட்டும். பூனை ஏறி ஒதுங்க உயரமான இடம் எப்போதும் வேண்டும். பூனையைக் கண்டதும் நாய் குரைத்தால்கூடச் சமாளிக்கலாம். சத்தமே இல்லாமல் உறைந்து நின்று கண் எடுக்காமல் பார்த்தால்தான் கவலைப்பட வேண்டும். அந்த நாய்க்கு அந்த வீடு சரிவராமலே போகலாம்.

10. பயிற்சி: தலைவன் கதையை விட்டுவிடுங்கள்

‘நாய்க்கு நீதான் தலைவன் என்று காட்ட வேண்டும், கவிழ்த்துப் போட்டு அழுத்த வேண்டும்’ என்று அறிவுரை சொல்ல எங்கும் ஆள் இருப்பார்கள். இந்தக் கதை, 1947-இல் ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர் விலங்குக் காட்சியகத்தில் அடைபட்டிருந்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து கிளம்பியது. ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களை ஒரே அடைப்பில் வைத்தால் சண்டைதான் வரும். அந்தக் கருத்தைப் பரப்பியவர்களில் ஒருவரான டேவிட் மெக் என்ற ஓநாய் ஆய்வாளர், பிறகு கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைப் பல கோடைகள் கவனித்து, 1999-இல் அதைத் திருத்தி எழுதினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தகப்பன், பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான். தலைமைக்கு அங்கே ஓயாத சண்டை கிடையாது. ஓநாய்க்கே பொருந்தாததை நாயிடம் காட்டுவானேன்?

அடியும் மிரட்டலும் கற்றுத்தருவதில்லை என்றில்லை, அவற்றுக்கு விலை உண்டு. போர்ச்சுகலில் 92 வீட்டு நாய்களை வைத்துச் செய்து 2020-இல் வெளியிட்ட ஆய்வில், கழுத்தைச் சுண்டி இழுப்பது போன்ற கடுமையான முறைகளைப் பயன்படுத்திய பயிற்சிப் பள்ளிகளின் நாய்களிடம் அழுத்த அறிகுறிகளும், பயிற்சிக்குப் பின் கார்டிசாலும் அதிகமாக இருந்தன. ஏற்கெனவே மனிதக் கையைக் கண்டு நடுங்கும் நாய்க்கு இது எதற்கு?

முதல் மாதத்துக்கு மூன்று பாடம் போதும். பெயரைச் சொன்னால் திரும்பிப் பார்ப்பது, கூப்பிட்டால் வருவது, வாயில் இருப்பதைக் கொடுத்துவிடுவது. மூன்றையும் தின்பண்டம் கொடுத்தே கற்றுத்தரலாம், ஒரு தடவைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். வாயில் இருப்பதைப் பிடுங்காமல், அதைவிட ருசியான ஒன்றைக் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள். பிடுங்கப் பிடுங்கத்தான் நாய் பொருளைக் காக்கத் தொடங்கும். வருவதற்காகக் கூப்பிட்டுவிட்டு, வந்ததும் திட்டுவதோ மருந்து ஊற்றுவதோ கூடாது.

ஏதாவதொன்றைக் கண்டு பயந்தால், பயம் வராத தூரத்துக்கு விலகிப்போய், அந்தப் பொருள் கண்ணில் படும் நேரமெல்லாம் நல்ல தின்பண்டம் ஒன்று வரும்படி செய்யுங்கள். பொருள் முதலில், தின்பண்டம் அப்புறம், இந்த வரிசை மாறக் கூடாது. பயந்த நாயைச் சமாதானம் செய்தால் பயம் கூடிவிடும் என்று சிலர் சொல்வது சரியில்லை. அது உங்களிடம் வந்து ஒட்டி நின்றால் தாராளமாக நிற்கட்டும்.

11. மூன்றாம் வாரத்துக்குப் பிறகு

‘முதல் இரண்டு வாரம் எவ்வளவு நல்ல நாயாக இருந்தது, இப்போது குரைக்கிறது, இழுக்கிறது, பொருளைக் கடிக்கிறது’ என்று பலரும் சொல்வது இந்தக் கட்டத்தில்தான். நாய் கெட்டுப்போகவில்லை. இதுவரை பயத்தில் அடங்கியிருந்தது, இப்போது தைரியம் வந்து தன் குணத்தைக் காட்டுகிறது. நல்ல அறிகுறி என்றே எடுத்துக்கொள்ளலாம். பழக்கமாகிப்போகும் முன் பயிற்சியைக் கொஞ்சம் தீவிரப்படுத்துங்கள், நடையைக் கூட்டுங்கள், முகர்ந்து தேடிச் சாப்பிடும்படி உணவை அங்கங்கே ஒளித்து வையுங்கள். பதினைந்து நிமிடம் மூக்குக்கு வேலை கொடுத்தால் நாய் நன்றாகவே களைத்துப்போகும்.

திடீரென்று குணம் மாறினால் முதலில் வலி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல், காது, இடுப்பு, தைராய்டு எதுவாகவும் இருக்கலாம். உடம்பில் ஒன்றுமில்லை என்று தெரிந்தபின்தான் நடத்தை நிபுணர். நிபுணரைத் தேர்ந்தெடுக்கும்போது, நாய் தப்புச் செய்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். மின்சாரக் கழுத்துப்பட்டை, ஆணிப்பட்டை என்று பேச்செடுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

எல்லாம் செய்தும் ஒத்துவரவில்லையென்றால், குழந்தைக்கு ஆபத்து என்று நிலைமை வந்தால், காப்பகத்தோடு பேசித் திருப்பி ஒப்படைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தெருவில் விடுவதுதான் குற்றம். ஒப்படைக்கும்போது அது எதற்குப் பயப்படும், என்ன சொன்னால் கேட்கும், எங்கே எப்படிப் பிரச்சினை வந்தது என்பதையெல்லாம் மறைக்காமல் எழுதிக் கொடுங்கள். அடுத்த வீட்டைச் சரியாகத் தேர்ந்தெடுக்க அது உதவும்.

பெரும்பாலும் அந்த நிலை வராது. மூன்று மாதம் நெருங்கும்போது, கூப்பிட்டால் வரும் பாடத்தை வேலியிட்ட இடத்தில் பத்து மீட்டர் நீளக் கயிற்றில் சோதித்துப் பாருங்கள். கயிறே இல்லாமல் திறந்த வெளியில் விடுவதற்கு இன்னும் பல மாதம் இருக்கிறது. எடை ஏறியிருக்கிறதா, அடுத்த ஊசி எப்போது, குடற்புழு மருந்து எப்போது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கருத்தடை பாக்கியிருந்தால் அதற்கும் தேதி வாங்குங்கள். அப்புறம், இத்தனை நாளாகத் தள்ளிப்போட்ட உறவினர்களை இப்போது அழைக்கலாம். ஒரு நாளைக்கு ஒருவர் இருவர் என்று, நாய் தன் மூலைக்குப் போக வழி விட்டு.